இடது கால் எங்கே இருந்தது?

1

இந்தக் கதை எனக்கு ஒரு லேபிள் ஆர்டரோடு வந்தது. நான் திருப்பூரில் பனியன் லேபிள் அச்சடிக்கிறவன். புதுச் சட்டை போட்டதும் பிடரியில் உறுத்துமே, அந்தச் சின்னத் துண்டுதான் என் தொழில். கதை எழுதுவது இரண்டாவது. முதல் தொழிலில் பிழை வந்தால் சரக்கு திரும்பி வரும். இரண்டாவதில் எதுவும் திரும்பி வருவதில்லை, பாராட்டு உட்பட.

2008-ல் ஒரு மத்தியானம் அன்புசெல்வி புரூஃப் பார்க்க வந்திருந்தார். குழந்தைகள் உடுப்புக்கான லேபிள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அந்த வருஷம் கரண்ட் போவது செய்தியே இல்லை. போகாமல் இருந்தால்தான் பக்கத்து யூனிட்டுக்குப் போன் போட்டு விசாரிப்போம். மெஷின் சத்தம் அடங்கிய பிறகு அவர் சொன்னார்:

"என்ற கார்லயும் இப்படித்தானுங்க, திடீர்னு பவர் போயிரும். அதுக்கு என்ற காலைக் குத்தஞ் சொன்னாங்க."

கரண்ட் திரும்பி வந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை நான் மெஷினைப் போடவில்லை. அன்றைக்குச் சரக்கு கேட்டிருந்த ஒரு பார்ட்டிக்கு டெலிவரி தாமதமானதற்குக் காரணம் மின்வாரியம் என்று சொல்லியிருந்தேன். பாதி உண்மை.

* நேரில் அவரை நான் 'நீங்க' என்றுதான் பேசுகிறேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுவார். அனுமதி கேட்டேன். "எழுதற பழக்கம் அப்படீன்னா எழுதுங்க. அவரையும் 'அவன்'னு எழுதுவீங்களா?" என்று கேட்டார். அவர் என்றால் கணவர் பிரதீப். எழுதுவேன் என்றேன். "அப்பச் சரிங்க" என்றார்.

2

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

காங்கேயம் சாலையின் கானலில் ஒரு பெண்ணும் ஒரு காரும் தங்கள் வலிமையை இழந்துகொண்டிருந்த

[நிறுத்திவிட்டேன். கார் வலிமை இழந்தது உண்மை. பெண்ணை ஏன் சேர்த்தேன் என்று யோசித்தேன். முதல் வரியிலேயே நானும் அவள்மீது குற்றம் சொன்னவர்களோடு போய் நின்றிருக்கிறேன்.]

இரண்டாவது தொடக்கம்:

நவீன டீசல் இஞ்சினில் எரிபொருள் மிக உயர்ந்த அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாய்க்கு

[மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். அடுப்பில் எதுவும் இல்லை.]

மூன்றாவது:

அன்புசெல்விக்குக் கார் ஓட்டத் தெரியும்.

இதை வைத்துக்கொண்டேன். அழகான வாக்கியமில்லை. ஆனால் நடந்த தகராறு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான்.

3

அன்புசெல்விக்குக் கார் ஓட்டத் தெரியும். முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு கற்றுக்கொண்டாள். பிறந்த ஊர் வெள்ளகோவில், வாக்கப்பட்டது திருப்பூர். கணவன் பிரதீப்புக்கு நெருப்பெரிச்சல் பகுதியில், பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட். அவள் அப்பாவின் கொட்டகை ஒன்று வெள்ளகோவிலில் சும்மா கிடந்தது. அதில் சில தையல் மெஷின்களைப் போட்டு, உள்ளூர்ப் பெண்களை வைத்துக் குழந்தை உடுப்பு தைக்க ஆரம்பித்திருந்தாள். வெட்டின துணியைத் திருப்பூரிலிருந்து கொண்டுபோக வேண்டும், தைத்ததைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். டெம்போக்காரர் அவருக்குத் தோதான நாளில் வருவார். அவருக்குத் தோதான நாள் வருவதற்குள் கொட்டகையில் பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வீட்டில் ஒரு வெள்ளை டீசல் கார் நின்றது. காலையில் பிரதீப்பை நெருப்பெரிச்சலில் இறக்கிவிட்டு, டிக்கியிலும் பின் சீட்டிலும் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கண்ணாடியை இறக்கிவிட்டுக் காங்கேயம் தாண்டும்போது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு மணி நேரம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்குக் கிடைத்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. "அந்த ரோடு நல்லா இருக்குமுங்க" என்றுதான் சொன்னாள். மீதி நான் போட்டது.

முதன்முதலாகப் பவர் போனது ஒரு கோடை நாளில், வெள்ளகோவிலிலிருந்து திரும்பும்போது. நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்த வண்டி, யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி தளர்ந்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் மாட்டு வண்டியைத் தாண்டுகிற வேகத்துக்கு மேல் வரவில்லை. டேஷ்போர்டில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. ஓரங்கட்டி, நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வண்டி மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி பறந்தது.

இரவு பிரதீப்பிடம் சொன்னாள். அவன் மறுநாள் கம்பெனி வரைக்கும் ஓட்டிப் பார்த்தான்.

"நல்லாத்தானே போவுது?" என்றான்.

அந்தக் கேள்விக்குறி நான் போட்டது. அவன் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

4

அருள்புரத்தில் சகாயராஜின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. சாத்தான்குளம் பக்கத்துக்காரர், திருப்பூருக்கு வந்து வருஷங்கள் ஆகியும் பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளாதவர். நல்ல மெக்கானிக். அப்போதுதான் ஸ்கேனர் வாங்கியிருந்தார். தடித்த கால்குலேட்டர் மாதிரி இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே அதன் ஒயரைச் சொருகினால், வண்டியின் கம்ப்யூட்டர் தன்னுடைய குறைகளை எண்களாகச் சொல்லும்.

"வண்டியே வாயத் தொறந்து சொல்லிரும்க்கா. நம்ம ஊகமெல்லாம் இனிமே தேவையில்ல" என்றார்.

வண்டி வாயைத் திறந்தது. டீசல் அழுத்தம் குறைவு என்றது. சகாயராஜ் டீசல் ஃபில்டரை மாற்றி, டேங்கை இறக்கிக் கழுவினார். பங்க்கில் கலப்படம் இருக்கும் என்று பங்க்கையும் மாற்றச் சொன்னார். அடுத்த வாரம் காங்கேயத்துக்கு இந்தப் பக்கம் மறுபடி பவர் போனது.

வண்டி மறுபடி வாயைத் திறந்தது. உள்ளே போகிற காற்று போதவில்லை என்று காற்றை அளக்கிற சென்சார் சொன்னது. சகாயராஜ் அந்தச் சென்சாரையே கழற்றிவிட்டுப் புதிது போட்டார். புதுச் சென்சார் சில நாள் பேசாமல் இருந்தது. பிறகு அதுவும் பழையது சொன்னதையே சொன்னது.

* இந்த இடத்தில் என் மைத்துனன் ஒருவன், வண்டி விஷயம் தெரிந்தவன், எனக்கு விளக்கினான். பிழை எண் என்பது கெட்டுப்போன சாமானின் பெயர் இல்லையாம். எந்த இடத்தில் கணக்கு உதைத்தது என்பது மட்டும்தானாம். ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினின் குரல்வளையைக் கம்ப்யூட்டரே பிடித்தால், காற்றும் குறையும், டீசல் அழுத்தமும் குறையும். அதது தன் பாட்டைச் சொல்லி அழும். அழுகிற ஆளைப் பிடித்து மாற்றிக்கொண்டிருந்தால் அழுகை நிற்காது. இதை வைத்து இலக்கிய விமர்சனம் பற்றி ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன்.

5

இனி கொஞ்சம் வேகமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்புசெல்வி மகளைக் கூட்டிக்கொண்டு வெள்ளகோவில் போனாள். மகள் நாலாம் வகுப்பு, அம்மாவின் அப்பாவான அப்புச்சி வீட்டுக்குப் போவதென்றால் முதல் நாளே செருப்பைத் துடைத்து வைக்கிறவள். திரும்பும்போது முன்னால் தேங்காய் லாரி ஒன்று ஊர்ந்தது. எதிரே தூரத்தில் ஒரு பஸ். தாண்டிவிடலாம். அவள் கணக்கு சரி. வலப்பக்கம் எடுத்து, லாரியின் பாதிவரை போய்விட்டாள். அங்கே பவர் போனது.

வண்டி லாரிக்குச் சரிசமமாகத் தொங்கிக்கொண்டு நின்றது. ஆக்சிலரேட்டர் தரையோடு ஒட்டியிருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. பஸ் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. அவள் பிரேக்கை மிதித்து, லாரி கடந்துபோகும்வரை காத்திருந்து, அதன் வாலுக்குப் பின்னால் நுழைந்துகொண்டாள். பஸ் போன காற்றில் கார் ஆடியது.

வீட்டுக்கு வந்ததும் மகள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், கையால் லாரியும் பஸ்ஸும் செய்து காட்டி.

மறுநாள் பிரதீப்பே வண்டியை அருள்புரம் ஓட்டிப் போனான். அவளும் கூடப் போனாள். சகாயராஜ் ஒயரைச் சொருகினார். இந்தத் தடவை வண்டி ஒரு புதிய விஷயத்தைச் சொன்னது. சகாயராஜ் திரையை இரண்டு தடவை படித்தார். பிறகு பிரதீப்பைப் பார்த்துச் சொன்னார், அவளைப் பார்த்து இல்லை.

"சார், பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒண்ணா மிதிபடுதுன்னு காட்டுது."

"அப்படீன்னா?"

"பழைய வண்டின்னா காலுக்கும் இஞ்சினுக்கும் கம்பி ஓடும். இதுல பெடல அமுக்குனா அது ஒரு மனு மாதிரிதான் சார். உள்ள கம்ப்யூட்டர் பாத்துத்தான் பவர் குடுக்கும். பிரேக்கையும் சேத்து மிதிச்சா, ஆபத்து போலன்னு நெனச்சுப் பவரக் குறைச்சிரும். புதுசா ஓட்டுதவங்க சில பேரு இடது கால பிரேக் மேலயே வச்சிருப்பாங்க. அவங்களுக்கே தெரியாது."

மூன்று பேரும் அவள் இடது காலைப் பார்த்தார்கள். அவள் உட்பட.

"நான் அப்படி வெக்கறதில்லீங்க" என்றாள்.

"இல்லக்கா, தெரியாம…"

"தெரிஞ்சும் வெக்கறதில்லீங்க, தெரியாமயும் வெக்கறதில்லீங்க."

சகாயராஜ் வண்டியை எடுத்துப் பல்லடம் ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். நன்றாகப் போகிறது என்றார். பிரதீப் ஓட்டினாலும் நன்றாகத்தான் போனது. அவள் ஓட்டினால் மட்டும் போகவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

[அவர்கள் இருவரும் ஓட்டியது பக்கத்துத் தூரம், வண்டி சூடாகாத தூரம். இதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. எழுதும்போது நானும் யோசிக்கவில்லை. அன்புசெல்வி கதையின் புரூஃபில் பென்சிலால் எழுதிக் கொடுத்தாள்.]

6

பிரதீப்பைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவனை ஒரு மாதிரியான ஆளாக எழுதியிருந்தேன். மீசையைத் தடவுவான், 'பொம்பளைக்கு எதுக்கு ஸ்டீயரிங்' என்பான். கதைக்கு வசதியாக இருந்தது.

அன்புசெல்வி படித்துவிட்டு, "அவருக்கு மீசையே இல்லீங்க" என்றாள். டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டதே அவன்தானாம். அவள் முதன்முதலாக வெள்ளகோவில் போன அன்று, போய்ச் சேர்ந்தாயா என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, மாமனாருக்குப் போன் போட்டு ஊரில் மழை உண்டா என்று விசாரித்தவனாம். அது வெயில் கொளுத்தும் வைகாசி மாதம்.

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மீசைக்காரனாக இருந்தால் அவன் சொல்வதைத் தூக்கிப் போடலாம். இவன் பயந்துபோயிருந்தான். மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு மகள் தூங்கிய பிறகு, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான், காய்ச்சல்காரக் குழந்தையைத் தொடுகிற மாதிரி. வந்து சொன்னான்:

"ஒரு டிரைவரைப் போட்டுக்கலாம், அன்பு."

"கால்ல தப்பு இல்லைன்னு சொல்றனுங்க."

"நான் உன்னையக் குத்தஞ் சொல்லுல. மெஷினு பொய் சொல்லுமா?"

மெஷின் பொய் சொல்லாது என்றுதான் அவளும் நினைத்தாள். அதுதான் சங்கடம்.

7

இரண்டாவது சாட்சி மனிதர். அவள் தாய்மாமன் சாமியப்பன், வெள்ளகோவில்காரர், காங்கேயத்துக்குப் பைக்கில் போன ஒரு நாள் அவள் காருக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார். மாலையில் பிரதீப்புக்குப் போன் போட்டார்.

"ஏனுங் மாப்ள, புள்ளைகிட்டச் சொல்லுங்க. காலி ரோட்டுல எதுக்கு அப்படிப் பிரேக்கு மிதிச்சுட்டே போவுது? பின்னாடி செவப்பு லைட்டு எரிஞ்சது எரிஞ்சபடியே இருக்குது. பின்னால வாரவன் என்னன்னு நெனைப்பான்?"

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அன்று இரவு அவளுக்குத் தன் கால்மீதே சந்தேகம் வந்துவிட்டது. மெஷின் சொல்கிறது. மெக்கானிக் சொல்கிறார். பெற்ற மகள் கையால் லாரியும் பஸ்ஸும் செய்து காட்டுகிறாள். சொந்த மாமன் கண்ணால் பார்த்துச் சொல்கிறார். தான் ஒருத்தி மட்டும் இல்லை என்கிறாள். சமையலறையில் நின்றுகொண்டிருக்கும்போது குனிந்து இடது காலைப் பார்த்தாள். அது பாட்டுக்கு இருந்தது. தனக்குத் தெரியாமல் தன் கால் எதையாவது செய்யுமா? தூக்கத்தில் நடக்கிறவர்கள் இருக்கிறார்களே.

[இங்கே அவள் அழுதாள் என்று எழுதினேன். அழவில்லையாம். அடுப்பைத் துடைத்தாளாம்.]

டிரைவர் முடிவாகிவிட்டது. சுடலை என்று ஒருவர், சங்கரன்கோவில் பக்கம், கம்பெனி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் சேர்த்து. கம்பெனி வேலை முடிந்து நேரம் இருந்தால் வெள்ளகோவில். திங்கட்கிழமையிலிருந்து. டெம்போக்காரருக்குத் தோதான நாள் போய், இனி பிரதீப்பின் கம்பெனிக்குத் தோதான நாள். கொட்டகையில் பெண்கள் மறுபடி சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மாதம் அப்படி உட்கார்ந்தால் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

சனிக்கிழமை மட்டும் ஒரு லோடு பாக்கி. "பைய்யப் போயிட்டு வா, எந்த வண்டியையும் தாண்டாதே" என்றான் பிரதீப்.

8

சனிக்கிழமை.

வெள்ளகோவிலில் தைத்த துணியை ஏற்றிக்கொண்டு முற்பகலில் கிளம்பினாள். ஊரைத் தாண்டியதும் ரோடு நேராக ஓடும். போக்குவரத்து கம்மி. மேல் கியர் போட்டுவிட்டாள். இனிக் கொஞ்ச தூரத்துக்குக் கிளட்சுக்கு வேலை இல்லை. இடது காலுக்கும் வேலை இல்லை.

அவள் செருப்பைக் கழற்றினாள். இடது காலைத் தூக்கி, மடித்து, வலது தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிட உட்காருகிறவர்கள் ஒரு காலை மட்டும் மடக்கிக்கொள்வார்களே, அந்த மாதிரி. சுடிதார் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

* யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். இது அன்புசெல்வி சேர்க்கச் சொன்ன குறிப்பு.

வலது கால் ஆக்சிலரேட்டரில். இடது கால் தொடைக்கு அடியில், முழுப் பாரத்தோடு நசுங்கிக்கொண்டு. ஒரு மைல்கல் போனது. இன்னொன்று போனது. வண்டி நன்றாகப் போனது. அவளுக்குப் பயமாக இருந்தது. நன்றாகப் போகப் போக, தப்பு காலில்தான் என்று ஆகிவிடுமே. கெட்டுப்போ, கெட்டுப்போ என்று தன் சொந்தக் காரை வேண்டிக்கொண்டு ஓட்டினாள்.

கால் மரத்துப்போயிற்று. விரல்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. காங்கேயம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது, இனி கியர் மாற்ற வேண்டியிருக்கும்.

அப்போது பவர் போனது.

பின்னாலிருந்து யாரோ இழுத்த அதே இழுப்பு. மஞ்சள் விளக்கு. அவள் தன் மடியைப் பார்த்தாள். இடது கால் அங்கே, தொடைக்கு அடியில், மரக்கட்டை மாதிரி கிடந்தது.

அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்ததாம். காரில் வேறு யாரும் இல்லாததால் சிரித்தாளாம்.

காலை இரண்டு கையாலும் மாறி மாறிப் பிடித்து இறக்கினாள். உணர்ச்சி வரும்வரை வண்டியைத் தன் போக்கில் ஊர விட்டு, புளியமரம் ஒன்றின் கீழ் ஓரங்கட்டினாள். நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இஞ்சினை நிறுத்தவில்லை. நொண்டிக்கொண்டே இறங்கி, ஏன் என்று தெரியாமல் பின்பக்கம் போனாள். மாமன் சொன்னது நினைவில் இருந்திருக்கலாம்.

பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

காருக்குள் யாரும் இல்லை. அவள் கால்கள் இரண்டும் தார் ரோட்டில் இருந்தன. ஒன்று செருப்பில்லாமல்.

9

பிரதீப்புக்குப் போன் போட்டாள்.

"பிரேக்கு லைட்டு தானா எரியுதுங்க. நான் வெளிய நிக்கறன்."

"சரி, வண்டிய ஆஃப் பண்ணிட்டு நிழல்ல உக்காரு. ஆறட்டும்."

ஆறினால் சரியாகிவிடும். சரியாகிவிட்டால் ஒன்றும் இல்லாமல் போய்விடும். இது எல்லோரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"ஆஃப் பண்ண மாட்டனுங்க" என்றாள். அவனிடம் 'மாட்டேன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவையா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "போன்ல முதல் தடவைங்க" என்றாள்.

அங்கிருந்து திருப்பூர், திருப்பூருக்குள் நுழைந்து பல்லடம் ரோட்டைப் பிடித்து அருள்புரம். ஊர்ந்துகொண்டே போனாள். மொபெட்டுகள் அவளைத் தாண்டின. கரும்பு டிராக்டர் தாண்டியது. பின்னால் வந்தவர்கள் எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்து, நிற்கப்போகிறாள் என்று நினைத்து, நிற்காததைக் கண்டு ஹாரன் அடித்தார்கள். ஒரு லாரி கிளீனர் ஜன்னலில் தொங்கி, "யக்கா, பிரேக்குலேர்ந்து கால எடு" என்று கத்திவிட்டுப் போனான். ஊருக்குள் சிக்னலில் நின்றபோது இஞ்சின் அணைந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அணையவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

10

சகாயராஜ் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கார் உள்ளே வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஸ்கேனரை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அது வேண்டாங்க. பின்னாடி வாங்க" என்றாள் அவள்.

வந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஆள் இல்லை, விளக்கு எரிகிறது. குனிந்து இரண்டு விளக்கையும் பார்த்தார். பிறகு டிரைவர் பக்கக் கதவுக்குப் போய், தரையில் மல்லாந்து படுத்து, தலையைப் பெடலுக்கு அடியில் நுழைத்தார்.

"அக்கா, இப்ப?"

"எரியுதுங்க."

உள்ளே எதையோ விரலால் தட்டினார்.

"இப்ப?"

"அணைஞ்சுதுங்க."

"இப்ப?"

"எரியுதுங்க."

பிரேக் பெடலுக்கு மேலே கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்விட்ச். பெடல் அழுந்தியதா இல்லையா என்று விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் சொல்வது அதன் வேலை. உள்ளே இருந்த தகடு, வண்டி நெடுநேரம் ஓடிச் சூடானால் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டால் யாரும் மிதிக்காத பிரேக்கை மிதித்ததாகச் சொன்னது. ஆறினால் விட்டுவிடும், ஒர்க்‌ஷாப்புக்கு வருவதற்குள் யோக்கியனாகிவிடும். சகாயராஜ் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"அக்கா, காட்டுனதத்தான் நான் சொன்னேன்."

"அது என்னைய காட்டுலீங்களே. பிரேக்கைத்தானே காட்டுச்சு. காலைச் சேத்தது நீங்கதானுங்க."

சகாயராஜ் நேர்மையான ஆள் என்பதை இங்கே எழுத வேண்டும். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துப்போய்ப் புது ஸ்விட்ச் வாங்கிவந்து மாட்டினார். பிறகு அவள் கேட்காமலேயே பிரதீப்புக்குப் போன் போட்டு, அவளுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. பிரேக் ஸ்விட்ச் போயிருக்கு. நாந்தான் தப்பா சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் நிட்டிங் மெஷின்களின் இரைச்சல். பிறகு பிரதீப்பின் குரல்.

"அதான். நான் அப்பவே சொன்னனல்ல, பிரேக்குலதான் ஏதோ இருக்குன்னு."

அன்புசெல்வி ஒர்க்‌ஷாப் கூரையைப் பார்த்தாள். ஆஸ்பெஸ்டாஸ்.

11

முடிவுகள்.

அ) பிரதீப் அன்று மாலை வீட்டுக்கு வந்து, "உன்னை நம்பாமல் போய்விட்டேன், அன்பு" என்கிறான். அவள் கண்

[படித்துவிட்டு, "அவரு இப்படியெல்லாம் பேச மாட்டாருங்க" என்றாள். நானும் யோசித்தேன். எங்கள் ஊரில் இப்படிப் பேசுகிற ஆளை நான் பார்த்ததில்லை. நான் பேசியதில்லை.]

ஆ) அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெள்ளகோவிலுக்கே போய்விடுகிறாள். கொட்டகையை விரிவாக்கி, பெரிய ஆளாகி

["ஒரு ஸ்விட்சுக்காகவா?" என்று கேட்டாள்.]

இ) புது ஸ்விட்சும் கெட்டு, மறுபடி பவர் போகிறது. எல்லாம் முதலிலிருந்து.

[புரூஃபைத் திருப்பி வைத்துவிட்டு, லேபிள் எப்போது கிடைக்கும் என்று கேட்டாள்.]

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை யாரும் டிரைவரைப் பற்றிப் பேசவில்லை. வேண்டாம் என்று சுடலைக்கு யாரும் சொல்லவும் இல்லை. அதனால் திங்கட்கிழமை காலை அவர் துவைத்த சட்டையோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். நல்ல மனிதர், இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவரை அனுப்பிவிட முடியாது என்று கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்தது. அதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

"நான் எந்த வண்டிய எடுக்கணும் சார்?" என்று கேட்டார் சுடலை.

வீட்டில் இருந்தது ஒரு கார்தான். அதில் அன்புசெல்வி ஏற்கெனவே ஏறி, இஞ்சினைப் போட்டு, சீட் பெல்ட்டும் மாட்டியிருந்தாள். பின் சீட்டில் வெட்டின துணி கூரைவரை அடைத்திருந்தது. முன்சீட்டில்கூட ஒரு மூட்டை. யாரும் உட்கார இடமில்லாத மாதிரி ஏற்றியிருந்தாள். இது தற்செயலா என்று நான் கேட்கவில்லை.

பிரதீப் மூட்டைகளை எட்டிப் பார்த்தான். பிறகு போய், தெருவில் நின்ற கம்பெனியின் பழைய ஆம்னி வேன் சாவியை எடுத்துவந்து சுடலையிடம் கொடுத்தான். இன்றைக்கும் அவன் கம்பெனிக்கு அதில்தான் போகிறான், சுடலை ஓட்ட, பின்னால் உட்கார்ந்து.

12

ஒன்று பாக்கி.

சாவியைக் கொடுத்துவிட்டு அவன் காரின் பக்கத்தில் வந்தான். கண்ணாடி இறங்கியிருந்தது. கூரையில் ஒரு கையை வைத்துக் குனிந்து, அவளிடம் ஏதோ சொன்னான். நீளமாக இல்லை, ஒரு வாக்கியம்தான். டீசல் இஞ்சின் சத்தத்தில் சுடலைக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னார் என்று அன்புசெல்வியிடம் கேட்டேன்.

"அதைய எழுத வேண்டாங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது மன்னிப்பாக இருக்கலாம். லாரியைத் தாண்டாதே என்பதாக இருக்கலாம். வரும்போது தேங்காய் வாங்கிவா என்பதாகவும் இருக்கலாம். நான் பல வாக்கியங்களை எழுதி எழுதி அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் அது பிரதீப் பேசுவதாக இல்லை, நான் பேசுவதாக இருக்கிறது.

ஆகவே அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை, அவன் வாயில் வரக்கூடியதாக இருக்க வேண்டும்.

"அன்பு, ……………………………………"

"சரிங்க" என்றாள் அவள். கியரைப் போட்டாள். பிரதீப்பே போய்க் கேட்டை அகலத் திறந்துவிட்டான்.